பேசாத எண்

ஒரு மாணவன் கல்லூரியிற் சேர்ந்தவுடன் முதற்கண் பெறுவது பாடமன்று, ஓர் எண்ணேயாம். சேர்க்கைப் பதிவேட்டில் அவன் பெயர் எழுதப்பெறும் வரிக்கு இடப்புறத்தே ஓர் இலக்கம் இடப்படுகின்றது. அவன் தேர்வுக்குப் பணங் கட்டுங்காலும், நூல்நிலையத்திற் புத்தகம் பெறுங்காலும், பல்லாண்டு கழிந்து மாற்றுச் சான்றிதழின் நகல் வேண்டி வருங்காலும், அலுவலகத்தார் முதலிற் கேட்பது அவ்விலக்கத்தையே. பெயரைச் சொன்னால் ஏடுகளைப் புரட்டித் தேடவேண்டும். எண்ணைச் சொன்னாலோ வரி தானே வந்து நிற்கும்.

இக்காலத்தே அப்பதிவேடு கணினிக்குட் புகுந்துவிட்டது. வங்கி, மருத்துவமனை, கடை, நீதிமன்றம் ஆகிய எல்லாவற்றின் கணக்கும் இன்று வலைச்செயலிகளின் வழியே நடைபெறுகின்றது. அச்செயலிகளின் பின்னேயுள்ள தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதனை எவ்வாறு ஆக்குவதென்பதை, செயலி அமைப்போர் பெரும்பாலும் ஒரு நிமிடங்கூடக் கருதுவதில்லை; கருவி தருவதை ஏற்று மேற்செல்கின்றனர். அது சிறு காரியமன்று என்பதும், அவ்வெண்ணிற்கு மூன்று இலக்கணங்கள் இன்றியமையாதன என்பதும் என் கருத்து. அவ்வெண் ஒரு பதிவுக்கே உரியதாதல் வேண்டும். என்றும் மாறாததாதல் வேண்டும். தான் சுட்டும் பதிவைப்பற்றி வேறொன்றும் வெளியே சொல்லாததாதல் வேண்டும். முன்னிரண்டையும் எல்லாரும் உடன்படுவர். மூன்றாவதே புறக்கணிக்கப்படுவதாகலின், அதனைச் சற்று விரித்துரைக்கப் புகுகின்றேன்.

எண் எதற்கு, பெயரே போதாதோ என்று வினவுவார் உளர். தமிழ்ப் பெயர்களை நோக்குக. நம்மவர்க்குக் குடும்பப்பெயர் என்பது பெரும்பாலும் இல்லை; தந்தையின் பெயரது முதலெழுத்தே முன்னிற்கின்றது. ஒரே வகுப்பில் எஸ். முருகன் என்பார் இருவர் இருத்தல் அரிதன்று. அப்பெயரை ஆங்கில எழுத்தாற் பொறிக்கும்போது, பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் வேறொருவிதமாகவும் எழுதிவிடுகின்றனர். திருமணத்தின்பின் சிலர் பெயர் மாறுகின்றது. திருமுழுக்குப் பெற்றபின் சிலர் பெயர் மாறுகின்றது. கைப்பேசி எண்ணைக் கொள்ளலாமெனின், கைவிடப்பட்ட எண் சில காலத்தின்பின் வேறொருவர்க்கு வழங்கப்படுகின்றது. அப்போது முன்னவரின் கணக்கைப் பின்னவர் திறக்கும் இடர் நேரும். மின்னஞ்சல் முகவரியோ வேலையிடம் மாறுந்தோறும் மாறுவது. ஆகவே, மாந்தர் வாழ்க்கையோடு பிணைந்த எதுவும் பதிவின் அடையாளமாக நிற்றற்குத் தக்கதன்று. அவையெல்லாம் பதிவினுள் எழுதப்படவேண்டியவையே; பதிவின் தலையில் எழுதப்படவேண்டியவை அல்ல.

அடுத்து, எண்ணுக்குள்ளேயே செய்தியைப் பொதிந்துவைக்கும் வழக்கத்தைக் காண்போம். இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் உடையது. அதன் முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பதையும் குறிக்கும். பெண்ணாயின் அந்நாளெண்ணோடு 500 கூட்டப்படும். பின்னர் வந்த 12 இலக்க எண்ணிலும் இம்முறையே தொடர்கின்றது. இதன் விளைவு யாது? ஒரு படிவத்தில் அடையாள எண்ணை எழுதும் பெண்ணொருத்தி, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் தன் வயதை உரைத்தவளாகின்றாள். பிறந்த தேதி பிழைபடப் பதிந்திருந்தாலோ, பிழையைத் திருத்த எண்ணையே மாற்றவேண்டும். எண்ணை மாற்றினால் அதனைக் கொண்டு எழுதப்பட்ட ஏனைய ஏடுகளெல்லாம் தொடர்பறும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சமூகப் பாதுகாப்பு எண்ணும் இத்தகையதே. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நெடுங்காலம் இடத்தைக் குறித்து நின்றன. ஒருவர் பிறந்த தேதியும் மாநிலமும் தெரிந்தால் அவ்வெண்ணைப் பெரிதும் ஊகித்தறியலாமென்று கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2009 ஆம் ஆண்டிற் காட்டினர். 2011 ஆம் ஆண்டு ஜூன் மாதமுதல் அந்நாட்டார் புதிய எண்களைத் தற்செயல் முறையால் வழங்கலாயினர். நம் நாட்டின் ஆதார் எண், 2010 ஆம் ஆண்டில் முதன்முதல் வழங்கப்பட்டபோதே இவ்விஷயத்திற் சரியான வழியைப் பற்றியது. ஆதார்த் திட்டத்தின் ஏனைய கூறுகளைக் குறித்து வாதங்கள் பலவுண்டு, அவை வேறு. எண்ணின் அமைப்பை மட்டும் நோக்கின், அப்பன்னிரண்டு இலக்கங்களில் ஊரும் இல்லை, வயதும் இல்லை, சாதியும் இல்லை. கடைசி இலக்கம் மட்டும் முன்னுள்ள பதினொன்றினின்றும் கணக்கிடப்படுவது. யாரேனும் ஓர் இலக்கத்தைப் பிழைபட எழுதினாலும், அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றி எழுதினாலும், பிழையென்று அது காட்டிக்கொடுக்கும். எண் தன்னைப்பற்றிச் சொல்லலாம். தன்னை உடையாரைப்பற்றிச் சொல்லலாகாது.

இனி, பெரும்பாலோர் கையாளும் தொடரெண்ணை ஆராய்வோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று தரவுத்தளம் தானே இட்டுச் செல்வது அது. சிறியது, வாயாற் சொல்ல எளியது, ஒரே ஏட்டில் ஒரே எழுத்தர் எழுதும்வரை அதனிற் சிறந்தது பிறிதில்லை. ஆயினும் அது நான்கு குறைகளை உடையது.

முதலாவது, தொடரெண் தொகையை வெளியிட்டுவிடும். இதற்கு இரண்டாம் உலகப்போர் தக்க சான்று. செருமானியர் மாதந்தோறும் எத்துணைக் கவசவண்டிகள் செய்கின்றனர் என்பதை நேசநாட்டார் அறிய விரும்பினர். 1942 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற்கு உளவாளிகளின் செய்தியாற் கிடைத்த மதிப்பு 1,550. கைப்பற்றிய வண்டிகளின் உறுப்புகளிற் பொறித்திருந்த தொடரெண்களைக் கொண்டு கணிதவல்லார் கண்ட மதிப்போ 327. போர் முடிந்தபின் செருமானிய ஏடுகளைப் பார்த்தபோது உண்மைத்தொகை 342 என்பது தெரியவந்தது! இக்கணக்கின் அடிப்படை எளியது. ஐந்து வண்டிகள் கிடைத்து அவற்றுட் பெரிய எண் 60 ஆயின், 60 ஐ ஐந்தாற் பங்கிட்டு வரும் 12 ஐ அதனோடு கூட்டி ஒன்றைக் கழிக்க, 71 என்பது மொத்தத் தொகையின் நல்ல மதிப்பாகும். பெரும் படையின் இரகசியத்தை வெளியிட்ட இம்முறைக்கு ஒரு கடையின் இரகசியம் எம்மாத்திரம்? மாத முதல்நாளில் ஒரு பொருளும் கடைநாளில் ஒரு பொருளும் வாங்கி, இரண்டு சீட்டுகளின் எண்களைக் கழித்துப் பார்க்கும் போட்டி வணிகர்க்கு, அக்கடையின் மாத விற்பனைத் தொகை கையிலகப்படும்.

இரண்டாவது, தொடரெண் அடுத்த வீட்டின் கதவைக் காட்டிவிடும். என் பதிவின் எண் 4501 என முகவரியிற் கண்டால், 4500 ஆம் 4502 ஆம் பிறருடையன என்பதை அறிய எனக்குக் கல்வி வேண்டுவதில்லை. 2019 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவிலுள்ள ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்னும் நிறுவனத்தின் வலைத்தளத்தில் முகவரியின் ஓர் இலக்கத்தை மாற்றிய அளவிற் பிறர் ஆவணம் திறக்கப்பட்டதென்பது வெளியாயிற்று. வீடு வாங்குவோரின் வங்கிக்கணக்கு விவரமும் வரிச்சீட்டுகளும் அடங்கிய சுமார் 88 கோடியே 50 இலட்சம் ஆவணங்கள் அங்ஙனம் கிடந்தன. பூட்டை உடைத்தாரில்லை, பூட்டே இல்லை.

மூன்றாவது, தொடரெண் தனக்கென ஒதுக்கிய இடத்தைக் கடந்து செல்லமாட்டாது. 32 பிட்டுகளுள் ஒன்றைக் கூட்டல் கழித்தற்குறிக்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கும் மிகப்பெரிய எண் 2,14,74,83,647. 2018 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பேஸ்கேம்ப் என்னும் செயலியின் ஒரு பட்டியல் இவ்வெல்லையை எட்டிற்று. சில மணிநேரம் உள்ளதைப் படிக்கலாமே யன்றிப் புதியது எழுத ஒண்ணாத நிலை உண்டாயிற்று. அதற்கு முன்னரே, 2006 ஆம் ஆண்டில், ஸ்லாஷ்டாட் என்னும் தளத்திற் கருத்துரைகளின் எண் 1,67,77,216 ஐ எட்டியபோது இவ்வகை முட்டுப்பாடு நேர்ந்தது. முன்னவர் பட்டதைப் பின்னவர் பாராதிருந்தமை வருந்தத்தக்கது.

நான்காவது, தொடரெண்ணுக்கு ஒரே எழுத்தர் வேண்டும். இரண்டு கிளை மருத்துவமனைகள் தத்தம் ஏட்டை ஒன்றினின்று தொடங்கிப் பின்னொருநாள் அவ்வேடுகளை ஒன்றாகச் சேர்க்கப் புகுந்தால், 217 ஆம் நோயாளி இருவராவர். ஒருவருக்குரிய மருந்து மற்றவருக்குச் செல்லுமாயின், அக்கேடு கணக்கிற் பிழையென்று சொல்லி முடிக்கத் தக்கதோ?

இக்குறைகளைக் களையவே, எவரையும் கேளாமல் எவ்விடத்தும் ஆக்கிக்கொள்ளத்தக்க ஒருவகை எண்ணை அறிஞர் வகுத்தனர். யு.யு.ஐ.டி. என்று வழங்கும் அது 128 பிட்டு அளவினது. 32 எழுத்துக்குறிகளும் அவற்றிடையே 4 இணைப்புக்கோடுகளுமாக எழுதப்படுவது. 2005 ஆம் ஆண்டில் அதற்கு இணையப் பொறியாளர் குழுவின் ஒழுங்குரை எழுந்தது. 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் அது புதுக்கப்பட்டது.

அவ்வெண்ணின் முதல்வகை காலத்தையும் கணினியையும் சேர்த்து அமைவது. 1582 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள், அதாவது கிரகோரியப் பஞ்சாங்கம் தொடங்கிய நாள்முதல் எத்தனை நுண்கணங்கள் கழிந்தன என்பதும், எக்கணினியில் ஆக்கப்பட்டது என்பதும் அதனுட் பொதிந்திருக்கும். இரட்டித்தல் இல்லை, ஆனால் பேச்சு மிகுதி. 1999 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மெலிஸா என்னும் நச்சுநிரல் பரவியபோது, வேர்டு ஆவணத்தினுள் மறைந்திருந்த இத்தகைய எண், அதனைச் செய்தவனைத் தேடுவார்க்குத் துப்புகளுள் ஒன்றாயிற்று. குற்றவாளி அகப்பட்டது நன்றே. ஆயினும், குற்றமற்றோர் எழுதிய ஆவணங்களிலும் அவ்வெண் அவர்தம் கணினியின் பெயரைச் சுமந்து திரிந்ததென்பதை மறத்தலாகாது.

நான்காம் வகையோ முற்றும் தற்செயலாக எழுவது. 128 பிட்டுகளில் 6 வகையைக் குறிக்க, எஞ்சிய 122 உம் நாணயத்தைச் சுண்டிப்போட்டுப் பெற்றாற்போல அமையும். ஆகக்கூடிய எண்களின் தொகை, 5 என்பதன்பின் 36 சுழியம் இட்டாற் பெறும் தொகையினும் பெரிது. தற்செயலென்றால் இரட்டித்தல் நேராதோ என்று அஞ்சுவார்க்குக் கணிதம் விடையளிக்கின்றது. ஓர் அறையில் 23 பேர் கூடியிருப்பின் அவருள் இருவர்க்கேனும் பிறந்தநாள் ஒன்றாதல், ஆகாமையினும் சற்று மிகுதியாக எதிர்பார்க்கத்தக்கது. அதனால் அச்சம் நியாயமானதே. ஆனால் அதே கணக்கின்படி, ஒரு நொடிக்கு 100 கோடி எண்களாக ஏறத்தாழ 86 ஆண்டுகள் ஆக்கினால்தான் இங்கு அந்நிலை வந்தெய்தும்.

இக்கணக்கு மெய்யான தற்செயலுக்கே பொருந்தும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க. டெபியன் என்னும் இயக்கமுறையில் 2006 ஆம் ஆண்டு செய்த ஒரு சிறு திருத்தத்தால், இரகசியத் திறவுகோல்களை ஆக்கும் கருவி தன் தற்செயலை இழந்தது. 2008 ஆம் ஆண்டு மே மாதத்தில் அது கண்டுபிடிக்கப்படும்வரை, ஒவ்வொரு வகைத் திறவுகோலும் சுமார் 32 ஆயிரத்துள் ஒன்றாகவே இருந்தது. புறத்தே நீண்டு தோன்றும் எண் அகத்தே ஏழையாயிருத்தல் கூடும். ஆதலால் விளையாட்டுக்கென அமைந்த கருவியை விடுத்து, இரகசியத்திற்கென அமைந்த கருவியினின்றே தற்செயலைப் பெறுக. அதன்மேலும், ஒரே எண் இருமுறை வரின் ஏற்கலாகாதென்னும் விதியைத் தரவுத்தளத்திற் பொறித்துவைக்க. நம்பிக்கை வேறு, காவல் வேறு.

தற்செயல் எண்ணுக்கும் ஒரு குறையுண்டு. நூல்நிலையத்திற்கு வரும் புதிய புத்தகங்களைக் கடைசி அலமாரியின் கடைசியில் வைத்துச்செல்வது எளிது. வரும் ஒவ்வொன்றையும் ஏதோ ஓர் அலமாரியின் நடுவே செருகவேண்டுமாயின், நூல்நிலையத்தார் நாள்முழுதும் நடந்து களைப்பர். தரவுத்தளத்தின் நிலையும் அதுவே. ஆகவே காலத்தை முன்னும் தற்செயலைப் பின்னும் வைத்து எண்ணமைக்கும் முறைகள் தோன்றின. 2010 ஆம் ஆண்டில் டுவிட்டர் வகுத்த ஸ்னோஃபிளேக் முறை, 41 பிட்டு காலத்திற்கும், 10 பிட்டு கணினிக்கும், 12 பிட்டு வரிசைக்கும் அளித்தது. ஆயின் அவ்வெண்கள் வளரவே, ஜாவாஸ்கிரிப்டு மொழி பிழையின்றித் தாங்கும் எல்லையாகிய 9,00,71,99,25,47,40,992 ஐக் கடந்தன. ஆதலின் அவற்றை எழுத்துத்தொடராகவும் அனுப்பவேண்டியதாயிற்று. அடையாள எண்ணைக் கூட்டுவாரும் பெருக்குவாரும் இலராதலின், அதனை எழுத்தாகவே பாவித்தல் என்றும் நலம். 2024 ஆம் ஆண்டின் ஒழுங்குரையிலே வந்த ஏழாம் வகை யு.யு.ஐ.டி., முதல் 48 பிட்டுகளிற் காலத்தை வைத்து, எஞ்சியவற்றுட் பெரும்பகுதியைத் தற்செயலுக்கு விடுகின்றது.

பேசாத எண்ணே வேண்டுமென்ற நான் காலத்தைப் பேசும் எண்ணை ஏற்கலாமோ என்று மாணவர் கேட்பர்; கேட்கவும் வேண்டும். பெரும்பாலான பதிவுகளுக்கு அது தோன்றிய காலம் இரகசியமன்று. கடிதத்தின் தலைப்பிலே தேதி இருப்பது போல்வதே. அங்கெல்லாம் ஏழாம் வகை தக்கது. ஆனால் மருத்துவமனையில் ஒருவர் எப்போது பதிந்தார் என்பதும், ஒரு முறையீட்டை ஒருவர் எந்நாழிகையில் எழுதினார் என்பதும் சிலவேளை ஆளையே காட்டிக்கொடுக்கும். அத்தகைய இடத்தில் வெளியே காட்டும் எண் நான்காம் வகையாகவே இருத்தல் வேண்டும். கணினிக்குச் சிறிது களைப்பு மிகுந்தாலும் மிகுக.

இவ்வளவு நீண்ட எண்ணை முதியவர் ஒருவர் தொலைபேசியில் எங்ஙனம் படிப்பாரென்பது நேர்மையான ஆட்சேபம். அன்றியும், சரக்குச் சேவை வரிச் சட்டத்தின் 2017 ஆம் ஆண்டு விதிகள், விற்பனைச் சீட்டின் எண் இடையறாத் தொடராகவும் 16 எழுத்துக்கு மேற்படாமலும் இருக்கவேண்டுமென்று விதிக்கின்றன. இதற்கு என் விடை: மாந்தர் சொல்லவேண்டிய எண்ணும் சட்டம் கேட்கும் எண்ணும் பதிவினுள் இருக்கட்டும், பதிவின் அடையாளமாக வேண்டா. ஒருவர்க்கு வீட்டில் ஒரு பெயரும் ஏட்டில் ஒரு பெயரும் இருப்பதில்லையா?

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஊகிக்க இயலாத எண் பூட்டாகாது. முகவரி ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்குச் செல்லும்; நகலெடுக்கப்படும்; கணினியின் நினைவில் தங்கும். கேட்பவர் யாவர், இப்பதிவைக் காண அவர்க்கு உரிமை உண்டா என்பதை ஒவ்வொரு முறையும் செயலி வினவவேண்டும். மேற்கூறிய 88 கோடி ஆவணங்களும் தற்செயல் எண் பெற்றிருந்தால் எளிதிற் பொறுக்கப்பட்டிரா என்பது மெய்யே; ஆயினும் அங்கு முதற்குற்றம் எண்ணினது அன்று, வாயிலிற் காவலனை நிறுத்தாதவருடையது. எண்ணைச் செம்மையாக அமைத்தவர் காவலை மறந்தால், வேலியிட்டு வாயிலைத் திறந்துவைத்த உழவனை ஒப்பர்.

மாணவ நண்பர்களே! உங்களுட் பலர் நாளை செயலிகள் அமைப்பீர்கள். அங்கே ஒரு பட்டியலின் முதற்கட்டத்தில் நீங்கள் எழுதும் ஒரு வரி, நீங்கள் என்றுங் காணாத இலட்சக்கணக்கானவரின் வாழ்வோடு பல்லாண்டு ஒட்டிக்கிடக்கும். பின்னர் மாற்ற நினைத்தாலும் எளிதில் மாற்ற இயலாத வரி அது. ஆகவே எழுதுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இவ்வெண் வேறெங்கேனும் மீண்டும் பிறக்குமோ? இதனை மாற்றவேண்டிய நாள் வருமோ? இதனைக் கண்ட அந்நியன் இதன் உடையாரைப்பற்றி எதையேனும் அறிவானோ? மூன்றற்கும் இல்லை என்னும் விடை கிடைக்கும்வரை எழுதுகோலை வைக்கவேண்டா.

நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பான் என்று நாம் ஆலயத்திற் கேட்கின்றோம். மனிதரை மனிதர் அறிதற்குப் பெயரே உரியது. ஏட்டில் ஒரு வரியைக் கண்டெடுத்தற்கே எண் உரியது. அத்தொழிலைப் பிழையின்றிச் செய்து, மற்றெல்லாவற்றிலும் வாய்மூடியிருக்கும் எண்ணை அமைத்தல், நம்மை நம்பித் தம் விவரங்களை ஒப்புவித்தவர்க்கு நாம் செய்யக் கடமைப்பட்ட முதல் மரியாதை என்பதே என் துணிபு.